கிழக்கிலிருந்து வந்த காற்று

எங்கள் ஊரில் காற்றுக்கு நேரம் உண்டு. சித்திரை வைகாசியில் காலை முழுக்க மேற்கேயிருந்து வறண்ட காற்று வீசும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அது சட்டென்று நின்றுபோகும். வேப்பமரத்தில் ஓர் இலை அசையாது. திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி பனையோலை விசிறியைத் தேடுவாள். அப்புறம் பல்லாவரம் பக்கமிருந்து கடற்காற்று மெல்ல நுழையும். பட்டணத்து ஜனங்கள் அதை வாங்கப் பஸ் பிடித்து மெரினாவுக்குப் போவார்கள். திருநீர்மலைக்கு அது வீடு தேடியே வந்தது. வரும் வழியில் திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் கல்தூளையும் நாகல்கேணித் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையையும் அள்ளிக்கொண்டு வந்தது.

எண்பதுகளின் திருநீர்மலையைச் சொல்கிறேன். மெட்ராஸ்காரர்களுக்கு அன்று எங்கள் ஊர் இரண்டு விஷயங்களுக்காகத்தான் தெரியும்: பெருமாள், கல்யாணம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் ரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். நான்கு கோலங்களையும் ஒரே ஊரில் சேவிக்கலாம் என்பதில் எங்களுக்குப் பெரிய பெருமை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தாராம். பட்டர் இதைச் சொல்லும்போது நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் எதுவரை நின்றிருக்கும் என்று விரலால் காட்டிக்கொள்வோம். முகூர்த்த நாளில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறும். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களை, கூட வந்திருக்கும் நாலு சிநேகிதர்களின் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம்.

மலைமேல் நின்றால் ஊர் முழுதும் விரியும். ஏரி, வயல், அப்பால் அடையாற்றின் கோடு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள். தென்கிழக்கே தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய பச்சைமலை. கிழக்கே மட்டும் குன்றுகளின் பக்கவாட்டில் வெள்ளை வெள்ளையாக வெட்டுக்காயங்கள். உச்சிவேளையில் அங்கே வெடி வைப்பார்கள். முதலில் புகை எழும்பும். சத்தம் பிறகுதான் வந்து சேரும். அந்த இடைவெளியை எண்ணுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

பச்சைமலையைப் பற்றிப் பெரியப்பா ஒரு கதை சொல்வார். அது உண்மைக் கதை. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர், ஊர் திரும்பி இந்தப் பக்கத்தில் இடம் தேடினார். காசத்துக்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். பச்சைமலை அடிவாரத்துக் காற்றை நம்பி 1928-இல் அவர் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. அதே 1937-இல் கிறித்தவக் கல்லூரியும் பட்டண நெரிசலை விட்டுத் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆகத் தென்மெட்ராஸின் இந்த ஓரம், மூச்சு வாங்க ஆள் தேடி வந்த இடம். பெரியப்பாவும் அப்படி வந்தவர்தான். மயிலாப்பூர் ஒண்டுக் குடித்தனத்தில் பாட்டிக்கு இளைப்பு அதிகமானபோது, "அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கும்" என்று யாரோ சொல்லக் கேட்டு எங்கள் எல்லோரையும் திருநீர்மலைக்கு அழைத்து வந்தார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசைக் குடிசைகள். கல்குவாரியிலும் ஜல்லி மிஷினிலும் வேலை செய்யச் சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அதில் ஓர் அக்கா சாயங்காலம் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவார். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் சாம்பல் நிறம். முதல் தடவை பார்த்தபோது அவருக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்தேன். முகம் கழுவி நிமிர்ந்ததும் இருபது வயசுப் பெண்.

"இன்னாடி இது, மூஞ்சியெல்லாம் மாவு?" என்பாள் பாட்டி.

"கல்லு மாவு ஆயா. தொடச்சா பூடும்."

முகத்தில் இருந்தது போயிற்று.

அந்தக் கல் சாதாரணக் கல்லும் இல்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் ஆதி மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியே அங்கிருந்து தொடங்கியது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கருங்கல்லுக்குத் தனிப் பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இதே வகைக் கல் என்பதால் 'சார்னோகைட்' என்றார். உலகத்துப் புவியியல் புத்தகங்களில் எல்லாம் எங்கள் பக்கத்துக் கல் இருக்கிறது. அதை உடைத்தவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சார்னோகைட்டில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா. கல்லை உளியால் பிளந்தால் பெரிய சில்லாகத் தெறிக்கும். மிஷினில் போட்டு முக்கால் இஞ்ச், அரை இஞ்ச் ஜல்லியாக நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத பொடி ஏராளமாகக் கிளம்பும். கண்ணில் படுகிற தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்து, சளியாக வெளியே தள்ளிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள் அந்தக் காவலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடும். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது மைக்ரான் என்றால், அது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காவல் நிற்கும் வெள்ளணு அதை விழுங்கும்; செரிக்க முடியாமல் செத்துப்போகும். செத்த அணுவிலிருந்து வெளியே வரும் துகளை இன்னொன்று விழுங்கும். இப்படியே அந்த இடம் தழும்பாகிக்கொண்டே போகும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்வது நிற்பதில்லை. சிலிகோசிஸ் என்பது இதுதான். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கும் கிடையாது.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் மிஷினுக்குக் கல் தள்ளுகிறவர். தூசி கிளம்பும் வாய்க்கு நேரே நிற்பது அவர் வேலை. நான் ஹைஸ்கூல் போகும் வயதில் அவர் இருமத் தொடங்கியிருந்தார். சிலிகோசிஸ் உள்ள நுரையீரலைக் காசநோய்க் கிருமி எளிதில் பிடித்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலவே நிழல் காட்டுவதும் உண்டு. ஒரு கிளினிக்கில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி இருமல். மறுபடி மாத்திரை. "ஒழுங்கா முழுங்கினியா, குடிக்கிறியா" என்று மட்டும் கேட்டார்களாம். என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்று அந்த அக்கா என் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் புத்தகத்தில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவன் தொழில் என்ன என்பதையும் கேளுங்கள் என்று எழுதிவிட்டார். கல் தச்சர்களின் நுரையீரலைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒரு கேள்வி திருநீர்மலைக்கு வந்து சேரவில்லை.

அவர் போனபோது அந்த அக்காவுக்கு முப்பது வயது ஆகியிருக்காது. பதினாறாம் நாள் முடிந்ததும் அதே மிஷினுக்கு வேலைக்குப் போனார். வேறு எங்கே போவது? மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தது. குடிசை நின்ற இடமும் குவாரிக்காரருடையது.

தோல் ஷாப்புகளின் கதை வேறு. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. நாகல்கேணி வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்துவோம். சுண்ணாம்புக் குழி, சல்பைடு, குரோமிய உப்பு, பச்சைத் தோல் எல்லாம் கலந்த வாடை. சல்பைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்று கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்னபோது வகுப்பே ஒருமிக்க "நாகல்கேணி சார்" என்றது. அந்த வாயு அளவு மீறினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் நின்றுவிட்டதென்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தொண்ணூறுகளில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதற்கு முன் ஜனங்கள் எத்தனையோ மனு எழுதினார்கள். வாடைக்கு மனு எழுத ஆள் இருந்தது. வாடையே இல்லாத கல்தூளுக்காக எங்கள் தெருவிலிருந்து ஒரு மனுவும் போனதாக நினைவில்லை. குடிசைக்காரர்களுக்கு அது சோறு போட்ட தூசி. மற்றவர்களுக்குத் துணி காயப்போடும்போது மட்டும் எரிச்சல் தந்த தூசி.

பாட்டியின் இளைப்பு திருநீர்மலைக்கு வந்தும் தீரவில்லை. முதலிரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் மலையேறினாள். பிறகு பாதியில் உட்கார்ந்து, மூச்சு ஆறி, ஏறினாள். பிறகு பண்டிகைக்கு மட்டும். கடைசியில் அடிவாரத்தில் நீர்வண்ணரைச் சேவித்துவிட்டு, மலையைப் பார்த்துக் கைகூப்பித் திரும்பிவிடுவாள். நின்ற பெருமாள் கீழே இருந்தது அவளுக்குப் பெரிய ஆறுதல். "மேலே இருக்கறவரும் இவர்தானே" என்பாள். எங்கள் ஊரில் மூச்சு முட்டும் பெரியவர்கள் எத்தனையோ பேருக்குக் கோயில் அந்த இடத்தோடு முடிந்துபோயிற்று.

அவள் பீடி, சிகரெட் தொட்டவள் இல்லை. ஆனால் ஐம்பது வருஷம் அடுப்படியில் இருந்தவள். சவுக்கு விறகு, வரட்டி, கிருஷ்ணாயில் தட்டுப்பாடு வந்தால் மரத்தூள் அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும். ஜன்னல் இல்லாத சமையலறைப் புகை நெஞ்சைக் கெடுக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லி வருகிறது. உள்ளும் புறமுமாகக் காற்று மாசால் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே சாகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அதில் அடுப்பங்கரைப் புகையின் பங்கு பெரியது. கேஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. பின்வரிசைக் குடிசைகளுக்கு அது வர மேலும் பல வருஷம் ஆயிற்று. கல்மிஷினில் பகல் முழுதும் தூசி தின்ற அந்த அக்கா, ராத்திரி விறகடுப்பில் புகை தின்றார். ஒரே தெருவில், ஒரே வானத்தின் கீழே இருந்தோம். ஆனால் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை. காற்று எல்லோருக்கும் பொது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

போகியும் அப்படித்தான். பழைய பாய், துடைப்பம், கிழிந்த கோரைத் தட்டி எரித்த வரைக்கும் அது பண்டிகை. எந்த வருஷம் முதல் டயர் வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. லாரி ஷெட் பையன்கள் உருட்டிக்கொண்டு வருவார்கள். மார்கழிக் கடைசியில் விடியற்காலைக் குளிர்காற்று தரையோடு படிந்து கிடக்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடியிருக்கும். எரித்த புகை மேலே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே தங்கும். மலைமேலிருந்து பார்த்தால் கீழே வீடே தெரியாது. சின்னப் போகி மேளம் தட்டிய கையோடு நாங்களும் இருமுவோம், எங்களுக்கு அது சந்தோஷ இருமல். பாட்டிக்கு மட்டும் பொங்கல் என்றால் நெஞ்சுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு சாய்ந்தபடியே உட்கார்ந்திருக்கும் ராத்திரி. 2018 போகி காலையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அன்று பத்திரிகை எல்லாம் அதை எழுதின. ஓடுபாதையைச் சுற்றியிருக்கும் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் வீடுகளில் எந்தக் கிழவி எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள் என்று யாரும் எழுதவில்லை.

இப்போது நிறைய மாறிவிட்டது. குன்றுகளில் வெடிச்சத்தம் இல்லை. குவாரிகள் தண்ணீர் தேங்கிய கல்குட்டைகளாகிவிட்டன. 2017 வறட்சியில் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குட்டைத் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்கள். ஊரை ஒட்டிப் பெருங்களத்தூர்–மதுரவாயல் புறவழிச்சாலை ஓடுகிறது. ராத்திரி முழுக்க லாரி. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி. 2021 நவம்பரில் திருநீர்மலைப் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. குப்பை எரிவது நின்றபாடில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது கடற்காற்று எந்தப் பக்கம் வீசும் என்று எனக்கு உடனே நினைவு வந்தது.

காற்றை அளக்கவும் இப்போது கருவி இருக்கிறது. ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் தானியங்கி நிலையங்கள். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 5. தம்பி மகள் கைப்பேசியில் பச்சை, மஞ்சள் என்று காட்டுகிறாள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண் ஒரு சராசரி ஊருக்கும் ஒரு சராசரி நெஞ்சுக்கும் உரியது. புறவழிச்சாலை ஓரத்தில் டிபன் வண்டி போட்டிருக்கும் அம்மா, துடைப்பத்தோடு விடியற்காலையில் சாலையைக் கூட்டும் மாநகராட்சிப் பணியாளர், எடைக்கு எடை பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கும் கைக்குழந்தை, ஏற்கெனவே பாதி நுரையீரலோடு வாழும் பழைய கல்மிஷின்காரர், இவர்கள் அந்தச் சராசரிக்குள் அடங்குவதில்லை. காற்று கெட்டால் ஜன்னலைச் சாத்து, வீட்டுக்குள் இரு, மாஸ்க் போடு என்கிறார்கள். சாத்துவதற்கு ஜன்னலும், வேலைக்குப் போகாமல் இருக்கத் தாங்கும் சம்பளமும் உள்ளவர்களுக்கு அது சரி. மிச்சப் பேருக்கு அந்த அறிவுரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த அக்கா இன்னும் இருக்கிறார், பம்மலில் மகள் வீட்டில். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. பேரன் வாங்கிக் கொடுத்த இன்ஹேலரை மடியில் முடிந்து வைத்திருக்கிறார். போன தையில் பார்த்தபோது, "எனுக்கு வீசிங்காம், கொயந்திங்களுக்கு வர்ற மாதிரி" என்று சிரித்தார். எங்கே வேலை செய்தீர்கள் என்று டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அதையெல்லாம் எதுக்குச் சொல்லணும் தம்பி? அந்த மிஷினே இப்ப இல்லியே."

சிலிகோசிஸ் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமும் 1952 சுரங்கச் சட்டமும் சொல்லிவந்தன. ஆனால் மேஸ்திரியின் கூலி நோட்டில் மட்டும் பேர் இருந்தவருக்கு, அந்த நோட்டும் போன பிறகு, எந்தச் சட்டத்தை வைத்து எதை நிரூபிப்பது? ராஜஸ்தான் 2019-இல் சிலிகோசிஸ் போன்ற தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நோய் இருப்பதாக மருத்துவக் குழு சான்று கொடுத்தால் மூன்று லட்சம் ரூபாய், நோயாளி இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். அங்கேயும் ஆயிரம் குறைகள் இருக்கும். ஆனாலும் அந்த ஊரில் ஓர் அக்கா தன் நெஞ்சில் இருப்பது எந்தத் தூசி என்று எழுதிய தாளைக் கையில் வைத்திருக்க முடிகிறது.

எங்கள் குன்றுகளை விட்டுப்போன மிஷின்கள் அழிந்துபோகவில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் உள் கிராமங்களில் இப்போது ஓடுகின்றன. ஜல்லியோடு எம்-சாண்டும் அரைக்கின்றன. ஆற்று மணலுக்குப் பதில் கல்லையே மணலாக்குகிறார்கள் என்றால், இன்னும் நுண்ணிய பொடி. தூசி எழும் வாயை மூடிக் கட்டுவதும், தண்ணீர் தெளிப்பதும், காற்றுத் தடுப்புச் சுவர் எழுப்புவதும் புதிய யோசனைகள் இல்லை, விதியிலேயே இருக்கின்றன. குவாரி குத்தகைப் பட்டியல் ஒவ்வொரு கலெக்டர் அலுவலகத்திலும் இருக்கிறது. அதில் எந்தச் சர்வே எண்ணில் எத்தனை ஹெக்டேர் என்று எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் அங்கே வேலை செய்கிறவர்களின் பெயரையும் இப்போதே எழுதி, வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். அந்த வேலையில் இன்று நிற்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். நெஞ்சில் நோய் தெரியவரும் காலத்தில் அவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள்.